ஐந்து பேருக்கு அமைத்த ஒலி

மனிதனுக்குக் காது படைக்கப்பட்டது பேச்சைக் கேட்பதற்காக அல்ல. பேச்சுக்கும் பாட்டுக்கும் அடியில், பூமியின் வயிற்றிலிருந்து எழும் ஆழ்ந்த நாதத்தை உணர்வதற்காகவே. அதை உணராதவன் வாழ்ந்தும் வாழாதவன். இந்தக் கருத்தைக் காப்பீட்டு நிறுவனமொன்றின் துணை மேலாளர் வாரம் ஒருமுறையாவது யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்லிவிடுவார். அவருடைய காரின் பின்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் நான்கு வருடமாக ஊமையாக இருந்தன என்பதை ஒரு சனிக்கிழமை மதியம் கார் ஆடியோ கடைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

"ஒயரே கழண்டு கிடக்குது சார். கவனிக்கலையா?"

"நான்தான் கழட்டி விட்டேன்" என்றார் மேலாளர். "பின்னாடி சத்தம் வந்தா முன்னாடி சுத்தம் போயிடும்."

'துணை' என்ற சொல்லை அவர் தன் பதவியோடு சேர்த்துச் சொல்வதில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

அவர் கடைக்கு வந்ததற்குக் காரணம் நாதம் அல்ல, மைத்துனர். மனைவியின் தம்பி போன மாதம் தன் காரில் பெரிய சப்ஊஃபர் ஒன்றை மாட்டிவிட்டு, குடும்பத்தார் பதினோரு பேர் கூடியிருந்த இடத்தில் சொன்னார்: "அத்தான், உங்க வண்டியில பாட்டு கேட்டா, பக்கத்து வீட்டு ரேடியோவ நம்ம வீட்டு பாத்ரூம்ல இருந்து கேக்குற மாதிரி இருக்கு." பதினோரு பேரும் சிரித்தார்கள். மாமியார் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். அதற்குப் பிறகு மேலாளருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

இப்போது கண்ணாடி மேசை மேல் மூன்று பெட்டிகள் இருந்தன. கடைக்காரர் நாற்பது வயதைத் தொட்டவர். காதில் பென்சில் செருகியிருந்தார்.

"இது போட்டா டிக்கி பாதி போயிடும் சார். இது ஸ்டெப்னி குழிக்குள்ள உக்காரும், ஆனா ஸ்டெப்னிய வீட்டுல வெச்சுட்டு வரணும். இது சீட்டுக்கு அடியில. ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கு. சின்ன வண்டிக்கு இது போதும்."

போதும் என்ற சொல் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்றாவது பெட்டியின் அட்டையில் ஆயிரத்து இருநூறு வாட்ஸ் என்று தீப்பிழம்பு எழுத்தில் போட்டிருந்தது. முகம் தெளிந்தது.

"அது ஒரு நொடி மூச்சைப் பிடிச்சுக் கத்துற கணக்கு சார். நாள் பூரா பேசுறது நூத்தம்பதுதான்."

"தெரியும், தெரியும்."

மேசை விளிம்பில் தொந்தி இடிக்க, உறை நீக்கியிருந்த அந்தத் தட்டைப் பெட்டியின் மேல் மேலாளர் ஆசி வழங்குவதுபோல உள்ளங்கையை வைத்தார். அப்போதுதான் அது அசைந்தது.

ஸ்பீக்கரின் கூம்பு மெல்ல மேலே வந்து அவர் கையை ஏந்தியது; மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி மேலே. தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கை வைத்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது. ஒயர் எங்கே என்று பார்த்தார். ஒயர்கள் எல்லாம் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், மேசையின் அந்தக் கோடியில் கிடந்தன.

வேறு யாராக இருந்தாலும் கையை உதறிக்கொண்டு கேட்டிருப்பார்கள். மேலாளர் நிபுணர். நிபுணர்கள் கேட்பதில்லை.

"நல்ல கோன்" என்றார். "உயிரோட்டம் இருக்கு."

"கை வெச்சாலே தெரியுதா சார்?"

"எல்லாருக்கும் தெரியாது."

கையை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பல நாள் மூடியே கிடந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த வாடை உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"வண்டியில வழக்கமா எத்தனை பேர் போவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "ஆளுக்குத் தகுந்த மாதிரி அடிச் சத்தம் மாறும். உடம்பு சத்தத்தைக் குடிக்கும் சார். ஒருத்தருக்கு செட் பண்றது வேற, வண்டி நிறைய இருந்தா வேற."

"அஞ்சு பேர். எப்பவும் அஞ்சு பேர். நண்பர்கள் விடவே மாட்டாங்க."

சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினார். கணவர் ஓட்டினால் வழி முழுக்க நாதத்தைப் பற்றிய பேருரை நடக்கும் என்பதால், அவரே அந்த வண்டியில் ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்று கடைக்குக்கூடத் தனியாக ஆட்டோவில்தான் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கடைக்காரர் முன்னால் வேண்டாமென்று மறுபடி போனில் குனிந்துகொண்டார்.

*

கடையின் பின்பக்கம் ஓர் அறை. சுவர் முழுக்கக் கரும்பஞ்சு. கனமான இரட்டைக் கதவு. கதவு மூடியதும் தெருவின் சத்தம் கத்தரித்தாற்போல நின்றுவிடும். ஒரு பக்கம் தடித்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்புறம் கடைக்காரரின் கணினி. அதற்கும் அப்பால் இன்னொரு கண்ணாடி, சோபா, மனைவி. அறையின் நடுவே மேலாளரின் கார் நின்றது. கதவுகளில் அதிர்வை அடக்கும் தார்த்தகடு ஒட்டுவதற்காக உட்பக்கப் பலகைகளைக் கழற்றியிருந்தார்கள். வண்டி தோலுரித்ததுபோல இருந்தது. தட்டைப் பெட்டி பக்கத்து இருக்கையின் அடியில் போய்விட்டது. ஓட்டுநர் இருக்கையின் தலைப்பக்கம் சின்ன மைக் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள இருந்து கதவு திறக்காது சார். கைப்பிடி கேபிள் கழட்டியிருக்கு. கண்ணாடி இறக்குற சுவிட்சும் அப்படித்தான். பின்கதவுல சைல்டு லாக் விழுந்திருக்கு. மைக்குக்காக ஹாரன் ஃபியூஸையும் எடுத்துட்டேன். எதுன்னாலும் கையாலதான் பேசணும். மைக்ல குரல் கேக்காது எனக்கு, ஸ்கிரீன்ல கோடா மட்டும்தான் தெரியும். சைகை சொல்லிடறேன், கை கீழ காட்டினா..."

"தம்பி, நீங்க டவுசர் போட்ட காலத்துலயே நான் ஸ்பீக்கர் முன்னாடி உக்காந்தவன். எனக்கே சைகையா?"

"இல்ல சார், நிறுத்தணும்னா மட்டும்..."

"நான் எதுக்கு நிறுத்தப் போறேன்? ஒரு மணி நேரமாவது கேக்கணும். நடுவுல யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது."

கடைக்காரர் சுவரைக் காட்டினார். சைகைகள் எல்லாம் ஒரு தாளில் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தன. மேலாளர் தலையாட்டினார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவருக்கு அந்தத் தாள் வெள்ளைக் கறையாகத்தான் தெரியும். கண்ணாடி மனைவியின் கைப்பையில் இருந்தது. வெளியிடங்களில் அவர் அதைப் போடுவதில்லை. போனையும் மனைவியிடமே கொடுத்திருந்தார். போன் பக்கத்தில் இருந்தால் நாதம் கலங்கும் என்று எங்கோ படித்திருந்தார்.

மேலாளர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார, கார்க் கதவு சாத்தப்பட்டது. ரப்பர் ரப்பரை அணைக்கிற 'தும்' என்ற சத்தம். பிறகு அறைக்கதவு. பிறகு ஒன்றுமில்லை.

புதுப் பசையின் நெடி. தாரின் நெடி. தன் மூச்சு தன் காதுக்கே இவ்வளவு பெரிதாகக் கேட்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

முதலில் வந்த ஒலி இதமாகத்தான் இருந்தது. வயிறு நிறைந்த பூனை மடியில் படுத்து உறுமுவதைப்போல இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பி, தொடை வழியாக முதுகுக்கு ஏறி, பின்னோக்குக் கண்ணாடியை மெல்ல நடுங்கச் செய்து, கப் வைக்கும் குழியில் கிடந்த பழைய சாவியைக் கிணுகிணுக்க வைத்தது. மேலாளர் கண்ணை மூடித் தலையை அசைத்தார். கடைக்காரர் பார்க்கிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

ஒலி இறங்கியது. பூனை போய், தூரத்தில் லாரி. லாரியும் போய், நெஞ்செலும்புக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒன்று. நெற்றி வியர்த்தது. போதும், கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றவே, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைத்தார்.

கடைக்காரர் தலையாட்டினார். ஒலி இன்னும் கீழே இறங்கியது.

மேலாளர் மறுபடி கையைக் கீழே அசைத்தார், சற்று வேகமாக. அது இன்னும் கீழே போனது. கை கீழே காட்டினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதல்ல, இன்னும் ஆழ்ந்த ஒலிக்குக் கீழே போகச் சொல்வது என்று அவருக்குப் புரிந்தபோது, ஒலியே இல்லாமல் போயிருந்தது. காதுக்கு எதுவும் எட்டவில்லை. காற்று மட்டும் வண்டிக்குள் இறுகித் தளர்ந்தது. சட்டைப் பொத்தான் அசைந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் முகம் உப்பிச் சுருங்கியது. காதுக்குள் யாரோ விரல் விட்டு எடுப்பதுபோல இருந்தது.

பெட்டி ஓடுகிறதா என்று காட்டும் விளக்கு டாஷ்போர்டுக்குக் கீழே இருந்தது. அதில் ஒரு நீலப் பொட்டு எரிந்தது. பொட்டு அணைந்தது. கடைக்காரர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பெட்டி நின்றுவிட்டது. காற்று நிற்கவில்லை.

உள்ளே. வெளியே. முன்பைவிட மெதுவாக. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அந்த வாடை வந்தது, மூடிக்கிடந்த பாட்டிலின் வாடை. மேலாளர் தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். அவருடையது நின்றது. அது தொடர்ந்தது.

பக்கத்து இருக்கையின் பஞ்சு முனகியது. தோல் உறையின் தையல் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம். அவர் திரும்பவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தார். அங்கே சின்னதாகச் சிவப்பு மனித உருவம் ஒன்று எரியத் தொடங்கியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று வண்டி சொன்னது.

மெல்லத் திரும்பினார். இருக்கை காலியாக இருந்தது. நடுவில் மட்டும் குழிந்திருந்தது.

இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, மகிழ்ச்சியோடு கட்டைவிரலை உயர்த்தினார். நீலப் பொட்டு எரிந்தது. தும், தும், தும் என்று அவர் அடித்த அதே தாளத்தில் பெட்டியும் அடிக்கத் தொடங்கியது. அடிச் சத்தம் வேண்டும் என்பதற்கு அந்தக் கடையில் அதுதான் சைகை போலிருக்கிறது. மேலாளர் அலறினார். கடைக்காரர் திரையைக் கூர்ந்து பார்த்து, புருவத்தைச் சுருக்கி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்.

'மேல ஏதோ கீச்சு சத்தம் வருது. எடுத்துடறேன்.'

"நான்தாங்க அது! நான்தான்!"

கடைக்காரர் எதையோ சுழற்றினார். திருப்தியாகத் தலையாட்டினார். மேலாளரின் அலறல் திரையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்பது தெரிந்தது.

மேலாளர் கை கூப்பினார். நிபுணர் ஒருவர் தன்னைக் கும்பிடுவதைப் பார்த்துக் கடைக்காரர் கூச்சப்பட்டு, எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால், இரண்டாவது கண்ணாடிக்கு அப்பால், மனைவி எட்டிப் பார்த்தார். மேலாளர் வாயைப் பெரிதாகத் திறந்து அவரைக் கூப்பிட்டார். 'பாட வேற செய்றார்' என்று மனைவி கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பது, முகம் மங்கலாகத் தெரிந்தும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் விரலை நீட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஆட்டோவில்தான் போவார். மூக்குக்கண்ணாடியும் போனும் அவரோடு போயின.

பின்னிருக்கை முனகியது.

டாஷ்போர்டில் இரண்டாவது உருவம்.

மேலாளர் ஒற்றை விரலைக் காட்டினார். ஒருத்தன். நான் ஒருத்தன்தான். உள்ளே நான் ஒருத்தன்தான். கடைக்காரர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி எழுதினார்.

'சூப்பர் சார். வண்டி நிறைய ஆள் உக்காந்த மாதிரியே கோடு வருது.'

இன்னொரு தாள்.

'நீங்க ரசிங்க. சாப்பிட்டு வர்றேன்.'

"போகாதீங்க. ஐயா. போகாதீங்க."

கடைக்காரர் தன் பக்க விளக்கை அணைத்துவிட்டுப் போனார். கண்ணாடி கறுப்பானது. காரைச் சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாததால், சற்று நேரத்தில் அறையின் விளக்கும் தானாகவே அணைந்தது. வெளியே பட்டப்பகல் இரண்டு மணி. உள்ளே டாஷ்போர்டின் சிவப்பு மட்டும்.

முழங்கையால் கண்ணாடியை இடித்தார். வலித்தது. கண்ணாடி வளைந்து கொடுத்து, திரும்ப வந்தது. கதவில் பலகை இருந்த இடத்தில் கையை விட்டுத் துழாவினார். தார்த்தகடு விரலில் ஒட்டியது. கேபிள் இல்லை. பின்னால் தவழ்ந்து டிக்கிக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பின்னால் போவதென்றால் அவர்களைத் தாண்டிப் போக வேண்டும்.

அவர்களை. தானாகவே அந்தச் சொல் வந்துவிட்டது.

மூன்றாவது உருவம் எரிந்தது.

வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. பின்னால் இடம் போதாமல் நகர்ந்து உட்காரும் சத்தம். துணி துணியில் உரசியது. யாருடைய முழங்காலோ அவர் இருக்கையின் முதுகில் இடித்தது. மன்னிப்பு கேட்பதுபோலப் பின்வாங்கிக்கொண்டது.

நான்காவது.

"யாரு?" என்றார். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "யாருங்க நீங்க?"

மூச்சுகள் மட்டும். நான்கு. ஒரே சீராக. அவருடையது மட்டும் தாளம் தப்பியது.

சூடு ஏறியது. நான்கு உடம்பின் சூடு. கண்ணாடிகளில் உட்புறமாகப் பனி படர்ந்தது. பின்னோக்குக் கண்ணாடி அவர் முகத்துக்கு நேரே இருந்தது. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தார். பார்த்தார். சிவப்பு வெளிச்சத்தில் மூன்று வாய்கள் தெரிந்தன. மெல்லத் திறந்தன. மெல்ல மூடின. வாய்க்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கரின் கறுப்பு வலைபோல ஏதோ விம்மிக்கொண்டிருந்தது.

கண்ணாடியை உடனே கவிழ்த்தார்.

சர்ர்ர். பெல்ட் இழுபடும் சத்தம். பக்கத்து இருக்கையில்.

கிளிக்.

ஓர் உருவம் அணைந்தது.

சர்ர்ர். கிளிக். பின்னால்.

சர்ர்ர். கிளிக்.

நான்காவது பெல்ட் சிக்கிக்கொண்டது. யாரோ பொறுமையாக எடுத்துவிட்டார்கள். கிளிக்.

டாஷ்போர்டு முழு இருட்டு. எல்லாரும் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். புறப்பட வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல அமைதியாகக் காத்திருந்தார்கள்.

ஓட்டுநரின் விளக்கு முதலிலிருந்தே எரியவில்லை. ஏனென்று மேலாளருக்குத் தெரியும். பெல்ட் போடச் சொல்லி மணி அடிப்பது எரிச்சலாக இருந்ததால், வண்டி வாங்கிய வாரத்திலேயே ஒரு வெற்று இரும்பு நாக்கை வாங்கி இடுப்போரத்துப் பூட்டில் செருகி வைத்திருந்தார். அதை எடுத்ததேயில்லை.

இடுப்போரம் ஏதோ உரசியது. விரல். ஈரமாக, வெதுவெதுப்பாக. பூட்டின் பொத்தானைத் தேடியது. அழுத்தியது. இரும்பு நாக்கு வெளியே வந்து, இருக்கையின் இடுக்கில் விழுந்தது.

ஐந்தாவது உருவம் எரிந்தது. மணி அடிக்கத் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

தோளுக்குப் பின்னாலிருந்து பெல்ட் வந்தது. அவசரமே இல்லாமல். கழுத்தோரமாக இறங்கியது. கைகளை விலக்கச் சொல்லி மணிக்கட்டைத் தட்டியது. விலக்கினார். மார்பைக் கடந்தது. வயிற்றுக்கு வந்தது. நின்றது.

கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இழுத்தார்கள். மறுபடி. இன்னொரு கையும் வந்து சேர்ந்தது. நான்கு மூச்சுகளும் ஒன்றாக நின்றன, நுணுக்கமான வேலையில் இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல.

டிங். டிங். டிங்.

பெல்ட் அவர் வயிற்றைச் சுற்றிப் பூட்டு வரை எட்டவில்லை.